கணினிப் பக்கம்: மஞ்சள் நிறக் கட்டங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பிடித்த பாடகருக்காக, நடிகருக்காக, இசைக் குழுவுக்காகக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டார். வழக்கமான பிரிண்டர் சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இது என் சொந்தக் கதையும்கூட என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழு என்றால் அவளுக்கு உயிர். அண்ணனின் பழைய மடிக்கணினியில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து, அவர்கள் பேசும் வீடியோக்களுக்குத் தமிழில் வசன வரி போடுகிறாள். இதற்கென்று ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருத்தியையும் இவள் நேரில் பார்த்ததில்லை. நான் 6,000 ரூபாய் கட்டிக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டேன். அங்கே போனால் தூக்கம் வருகிறது என்கிறாள். மடிக்கணினியை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடலாமா?
— ஒரு தாய், விழுப்புரம்

பதில்: பூட்டாதீர்கள் அம்மா. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வசனம் எழுதிய கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீடியோவைக் கேட்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள்.

நோட்பேடில் திறந்தால் அது இப்படி இருக்கும். முதல் வரியில் ஒரு வரிசை எண். அடுத்த வரியில் 00:04:12,300 --> 00:04:15,100 என்று நேரம். நான்காவது நிமிடம் 12-ஆவது நொடியைத் தாண்டிச் சிறிது பொறுத்து வசனம் தோன்ற வேண்டும், 15-ஆவது நொடியைத் தொட்டதும் மறைய வேண்டும் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே வசனம். அதற்கும் கீழே ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி விட்டுப்போனால் அடுத்த வசனம் இதோடு ஒட்டிக்கொள்ளும். நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவே இருப்பது காற்புள்ளி. அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் சில பிளேயர்களில் வசனம் தோன்றவே தோன்றாது. கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்காமல் பழைய ஆன்சி முறையில் சேமித்தால், அத்தனை தமிழும் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படிப் போனது போனதுதான், திரும்பத் தமிழாகாது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் வசனம் திரையில் நிற்பது மூன்று நொடிகூட இல்லை. அதற்குள் படித்து முடிக்கும்படி இரண்டே வரியில் அவள் தமிழைச் சுருக்க வேண்டும். ‘நீங்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டீர்களா’ என்பதை ‘சாப்பிட்டீர்களா’ என்று வெட்டினால் அன்பு குறைந்துவிடுமா, ‘எல்லோரும்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மகள் இரவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள். மொழிபெயர்ப்பை வாழ்நாள் தொழிலாகச் செய்கிறவர்களும் இதையேதான் யோசிக்கிறார்கள்.

நான் கணினி கற்றதும் இப்படித்தான். 2001-ஆம் ஆண்டு, எனக்கு 26 வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேரேடு எழுதும் வேலை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அங்கே எக்செல் பழக ஒரு கற்பனை மளிகைக் கடையின் கணக்கைக் கொடுத்தார்கள். அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 5 கிலோ. கூட்டினேன், விடை வந்தது, வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

என் தாய்மாமா சாத்தூரில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட் கைக்கு வரும். மாமா தன்னிடம் இருந்த பாட்டுகளையெல்லாம் நீளமான கணக்கு நோட்டுகளில் படம், ஆண்டு, பாடியவர், எந்த இசைத்தட்டில் எத்தனையாவது என்று எழுதி வைத்திருந்தார். இளையராஜாவுக்கு மட்டும் தனியாக மூன்று நோட்டு, அவருடைய முதல் படம் வந்த 1976-இல் தொடங்கி. கடையை மூடியபோது கேசட்டுகளை யார் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நோட்டுகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 30 ரூபாய். சம்பள வாரத்தில் மட்டும் போவேன். அங்கேதான் உலகத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இளையராஜாவின் பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் என் கண்ணில் பட்டது. ஒருவர், 1983-இல் அவர் இசையில் வந்த படங்கள் எத்தனை என்று கேட்டிருந்தார். என்னிடம் நோட்டு இருந்தது. பார்த்து எழுதினேன். அடுத்த முறை போனபோது அவருடைய நன்றியோடு, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஆறேழு பேர் கேட்ட புதுக் கேள்விகளும் காத்திருந்தன.

அப்புறம் நோட்டுகளை எக்செலில் ஏற்றத் தொடங்கினேன். முதலில் பாட்டுகளை ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன். மற்றவர்களும் ஆளுக்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அடித்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்தியபோது ஒரே பாட்டு இரண்டு மூன்று இடங்களில் நின்றது. ‘சின்ன’ என்ற சொல்லை ஒருவர் சி, எச் போட்டுத் தொடங்கியிருந்தார், இன்னொருவர் எஸ் போட்டிருந்தார். தமிழிலேயே அடிப்பது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு இணையத் தமிழர்கள் நடுவே புழங்கிய திஸ்கி எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொண்டோம். அதில் வேறொரு சிக்கல். திஸ்கியில் ‘செ’ என்று அடித்தால் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும், அதாவது கொம்பு முதலில், சகரம் பிறகு. விளைவு, செ, பெ, தெ என்று தொடங்கும் பாட்டுகள் எல்லாம் தத்தம் இடத்தை விட்டுவிட்டு ஒரே இடத்தில் வந்து குவிந்தன. பெங்களூரில் வங்கியில் வேலை பார்த்த ஓர் ஐயா, கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்றித் தனி நெடுவரிசையில் வைக்கும் ஒரு சூத்திரத்தை எழுதி அனுப்பினார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு எக்செலில் நான் பயந்து நின்ற இடம் ஒன்றும் இல்லை. 2003-இல் எங்கள் அச்சகம் பேரேட்டைக் கணினிக்கு மாற்றியபோது, முதலாளி வெளியாளைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை.

மளிகைக் கடைக் கணக்கு ஏன் மறந்தது, பாட்டுக் கணக்கு ஏன் நின்றது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த அரிசிக்காக யாரும் காத்திருக்கவில்லை. என் 1983-க்காகப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், ஒரு பாட்டு தப்பினாலும் அன்றைக்கே கண்டுபிடித்துச் சொன்னார்கள். உங்கள் மகளின் கோப்புக்காகவும் இப்போது ஏழு பெண்கள் காத்திருக்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கொரிய நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே நள்ளிரவு 12 மணிக்கு வெளியாகும் பாட்டு இங்கே இரவு எட்டரைக்கே வந்துவிடும். ஆகவே ‘கொரியாவில் இப்போதுதான் வெளியிடுகிறார்கள்’ என்ற காரணத்துக்காக விடிய விடிய விழித்திருக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். நீங்களும் தெரிந்துகொண்டால் பத்து மணிக்கு மூடு என்று சொல்வது எளிது. அந்தக் கணினி வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். பயிற்சிக்குத் தன் வசனக் கோப்பையே அவள் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 66. பி. சுசீலாவின் பாடல்களைப் பற்றி நான்கு குயர் நோட்டுகள் நிறையக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைக் கணினியில் ஏற்றி என்னைப் போன்ற ரசிகர்களோடு பகிர ஆசை. ஆனால் ஓர் எழுத்தைத் தேட அரை நிமிடம் ஆகிறது. பேரன் சிரிக்கிறான். பாடல் வரிகளை முழுதாக வெளியிடலாமா என்பதும் தெரியவில்லை.
— தென்காசி வாசகர்

பதில்: ஐயா, நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். சுசீலா அம்மாவுக்கு 2016-இல் கின்னஸ் சான்று கிடைத்தபோது 17,695 பாடல்கள் என்று துல்லியமாக எண்ணிச் சொன்னார்கள். இப்படி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் பட்டியல் எழுதுகிறவர்கள் இருந்தே ஆகவேண்டும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. இப்போதைய விண்டோஸில் கூடவே வருகிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். கைபேசியில் செல்லினம் செயலியிலும் இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக் கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக் கைக்கு. தமிழாசிரியரான உங்களுக்கு இது உடனே பிடித்துவிடும், ஏனென்றால் நம் இலக்கணமே அதற்குள் இருக்கிறது. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘பந்து’ என்றால் ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் அது மெல்லினத்தை அடுத்த அதன் இன வல்லினம் என்று கணினி அறிந்து புள்ளி வைத்துவிடுகிறது. நன்னூலில் நீங்கள் நடத்திய இன எழுத்துப் பாடம்தான் இது.

பயிற்சிக்காகப் பொருளில்லாத சொற்களை அடிக்காதீர்கள். நோட்டின் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். நாளைக்குப் பத்துப் பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாரத்தில் விரல் தானாகப் போகும். அதன் பிறகு பேரனை உட்காரவைத்து ‘அம்மா’ என்று அவனுக்குத் தெரிந்த முறையில் அடிக்கச் சொல்லி, நீங்கள் தமிழ்99-இல் அடித்துக் காட்டுங்கள்.

வரிகளைப் பற்றி: இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை இருக்கிறது. கண்ணதாசன் மறைந்தது 1981-இல், கணக்குப் பார்த்தால் 2041 முடிய. ஆகவே முழுப் பாடலையும் வெளியிட வேண்டாம். முதலடி, படம், ஆண்டு, ராகம், உங்கள் குறிப்பு என்று போடுங்கள். உங்களிடம் மட்டுமே இருப்பது அந்தக் குறிப்புதானே. இன்னும் நேரம் இருந்தால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குப் போங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்க்க அங்கே எப்போதும் ஆள் தேவை. ஒற்றுப்பிழை கண்ணில் உறுத்தும் ஆசிரியரை அவர்கள் இரு கையும் நீட்டி வரவேற்பார்கள்.

கேள்வி: நீங்கள் ரசிகர்களை உயர்த்திப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இணையத்தில் ரசிகர்கள் என்றால் ஒரு நடிகரின் ஆட்கள் இன்னொரு நடிகரின் குடும்பத்தை வசைபாடுவதுதான். என் தம்பி இதில் விழுந்து வேலையை இழந்தான்.
— சேலம் வாசகர்

பதில்: உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்கு உண்மையாகவே வருந்துகிறேன். நீங்கள் சொல்லும் வசை எனக்கும் தெரியும். அதை நியாயப்படுத்த ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்ததில் நான் கண்டது ஒன்று. எந்தக் கூட்டத்தில் செய்வதற்குக் கைவேலை எதுவும் இல்லையோ, அங்கேதான் வாய்ச்சண்டை பெருகுகிறது. எங்கள் கூட்டத்திலும் சண்டை உண்டு. ஒரு பாட்டு மோகனமா, மோகனத்தில் ஓர் அந்நிய சுரம் கலந்ததா என்று பதினொரு நாள் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது. முடிவில் ராகம் என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் ‘சொன்னவர்’ என்று இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்தோம். சண்டை போட்ட இருவரின் பெயரும் அதில் ஏறியது, அவர்கள் அதன் பிறகு நண்பர்களானார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். தங்களுக்குப் பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்துப் புதுக் கதை எழுதும் ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், தாங்கள் எழுதியதை வணிகத் தளங்கள் முன்னறிவிப்பின்றி நீக்கிவிடுவதைக் கண்டு மனம் நொந்து, 2007-இல் சொந்தமாக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கட்டிய ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற காப்பகம் 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தது. அதற்கு நிரல் எழுதியவர்களும் ரசிகர்களே. நிரல் எழுதத் தெரியாதவர்கள் அதற்காகவே கற்றுக்கொண்டு எழுதினார்கள். விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. 2019-இல் அறிபுனை உலகின் உயரிய விருதுகளில் ஒன்றான ஹியூகோ அந்தக் காப்பகத்துக்குக் கிடைத்தது. உங்கள் தம்பிக்கும் தன் நடிகரின் படங்களைப் பற்றி நிச்சயம் நிறையத் தெரிந்திருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் படங்களின் பக்கங்களை ஒருமுறை அவருக்குக் காட்டுங்கள். விடுபட்ட விவரங்கள் அவர் கண்ணில் உடனே படும்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு மாணவன் நான். ஒரு கிரிக்கெட் ரசிகர் குழுவுக்கு மூன்று ஆண்டுகளாகப் புள்ளிவிவரப் படங்கள் செய்து தருகிறேன். வேலை விண்ணப்பத்தில் இதைப் போடலாமா?
— ஈரோடு மாணவர்

பதில்: தாராளமாகப் போடுங்கள். ‘ரசிகர்’ என்ற சொல்லை மறைக்க வேண்டாம். எத்தனை படங்கள், என்னென்ன மென்பொருள், தரவை எங்கிருந்து எடுத்து எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று நான்கு வரி. நல்லதாக மூன்று படங்களைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. ஒரே பாடகரின் ரசிகைகளாக இணையத்தில் பழகி நான்கு பேர் மிக நெருங்கிவிட்டோம். இப்போது நேரில் சந்திக்கலாம் என்கிறார்கள். ‘முகம் தெரியாதவர்கள் எப்படி நண்பர்கள் ஆவார்கள்’ என்று அப்பா கோபப்படுகிறார். போகலாமா?
— நாகர்கோவில் வாசகி

பதில்: அப்பாவின் கோபத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள பொது இடத்தில் இருக்கட்டும். ஒருவரை மட்டும் தனியாகப் பார்ப்பதாக இல்லாமல் நால்வரும் சேர்ந்து வருவதாக இருக்கட்டும். வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும். போவதற்கு முன் ஒருமுறை வீடியோ அழைப்பில் அப்பாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவசரம் என்று சொல்லிப் பணம் கேட்டாலும், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலும், தனிப்பட்ட படங்களைக் கேட்டாலும் அந்தப் பழக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வெட்கப்பட்டு நாளைக் கடத்தக் கூடாது.

பாட்டுப் பட்டியல் நண்பர்களை நான் முதன்முதலில் நேரில் சந்தித்தது 2005-இல், சென்னை எழும்பூர் அருங்காட்சியக வாசலில். என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பெங்களூர் ஐயா மனைவியோடு வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரோண்டோவில் குடியேறிய ஓர் அக்கா, ஊருக்குப் போகும் வழியில் சென்னையில் இறங்கியிருந்தார். நான்கு ஆண்டுகள் எழுத்திலேயே பழகியவர்கள். முதல் பத்து நிமிடம் யாருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்பா இப்ப எப்பிடி இருக்கிறார்?’ என்று கேட்டார். அதன் பிறகு மாலை ஆறு மணிக்குக் காவலர் வந்து எங்களைக் கிளப்ப வேண்டியதாயிற்று.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். 2004-இல் என் அப்பா மூன்று மாதம் மதுரையில் மருத்துவமனையில் கிடந்தார். நான் கூடவே இருந்தேன். கணினி, பாட்டு எதுவும் நினைவில் இல்லை. ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, 1983 பாதியில் நிற்கிறது, மன்னியுங்கள்’ என்று ஒரே ஒரு மெயில் அனுப்பியதோடு சரி. ஊர் திரும்பிக் கோப்பைத் திறந்தபோது 1983 முடிந்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக அடித்து முடித்திருந்தார்கள். ஆனால் முப்பது, முப்பத்தைந்து கட்டங்களை மட்டும் நிரப்பாமல் மஞ்சள் நிறம் பூசி விட்டிருந்தார்கள். முதல் மஞ்சள் கட்டத்தில் அக்காவின் குறிப்பு இருந்தது: ‘இவை மாமாவின் நோட்டில் மட்டும்தான் இருக்கும். நீ வந்து நிரப்பு தங்கச்சி, அவசரமில்லை.’ அப்பா தேறி வீட்டில் படுத்திருந்தார். நான் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். ஒரு கட்டத்தை நிரப்பியதும் அதன் மஞ்சளை எடுத்துவிடுவேன். அந்த வேலை நான்கு நாள் நடந்தது.

இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அவரையே கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: 2002 வாக்கில் நானும் என் நண்பர்களும் ஒரு நாடக நடிகரைப் பற்றித் தொகுத்த கட்டுரைகள் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. இப்போது திறந்தால் எல்லாம் புரியாத குறிகளாக வருகின்றன. மீட்க முடியுமா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: முடியும். உங்கள் எழுத்துகள் அழியவில்லை, அவற்றைக் காட்டும் எழுத்துருதான் உங்கள் கணினியில் இல்லை. யூனிகோடு என்ற பொது முறை பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. திரையில் சாதாரண ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது அநேகமாகப் பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத் தெரியும். தலைமேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளோடு ¾ என்ற முக்கால் குறி அடிக்கடி வந்தால் அது திஸ்கி. அதில் முக்கால் குறிதான் தகரம். தமிழில் தகரம் அதிகம் வருவதால் இந்தக் குறி உடனே கண்ணில் படும்.

முறை தெரிந்துவிட்டால், அந்த முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. ஒரு பத்தியை மட்டும் ஒட்டிப் பாருங்கள். படிக்க வந்தால் மீதியையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒற்றெழுத்து, ஔகாரம், கிரந்த எழுத்துகள் மூன்றையும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தே ஆகவேண்டும், பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் பட்டியலை வைத்திருந்த இலவசத் தளம் ஒருநாள் மூடப்பட்டு எல்லாம் போயிற்று. என்னிடம் இருந்த ஒரு குறுந்தகட்டிலிருந்துதான் மீட்டோம். திறந்தபோது திரை முழுக்க முக்கால் குறிகள். 1983-ஆம் ஆண்டுத் தாளில் இரண்டு கட்டங்கள் இன்னும் மஞ்சளாகவே இருந்தன. மாமாவின் நோட்டிலும் அந்த இரண்டு பாட்டுகளைப் பாடியவர் பெயர் இல்லாததால் நான் நிரப்பாமல் விட்டவை. பெங்களூர் ஐயாதான் சென்ற ஆண்டு ஒரு பழைய இசைத்தட்டின் உறையைப் பார்த்து ஒரு பெயரைக் கண்டுபிடித்து அனுப்பினார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் குறுந்தகட்டை நேரடியாகத் திறந்து வேலை செய்யாதீர்கள். முதலில் முழுவதையும் கணினியில் ஒரு பிரதி எடுங்கள், பென் டிரைவில் இன்னொன்று. பழைய தகடுகள் ஒருமுறை படித்துவிட்டு மறுமுறை படிக்காமல் போவதுண்டு. பிரதி எடுத்த பிறகு, முதல் ஐந்து வரிகளை அப்படியே படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எந்த முறை என்று பார்த்துச் சொல்கிறேன்.